நாவின் வரைபடமும் நாற்பத்தெட்டும்



அண்மையில் நடந்த பெற்றோர் சந்திப்பின்போது ஒரு தாயார் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தார். "டீச்சர், மூத்தவன் நாலாம் படிவத்துல உயிரியல் எடுத்திருக்கான். இணையத்துல ஆளுக்கொன்னு சொல்றாங்க. எதை நம்பறதுன்னே தெரியலை. நீங்க சொல்லுங்க" என்றார். வரிசையில் இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். "பாடநூலை நம்பச் சொல்லுங்கள் அம்மா, அது போதும்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவரும் நிறைவோடு சென்றார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்த விடையை நான் கூறியிருக்கக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அதனை இதுவரை எவரிடமும் நான் கூறியதில்லை.

2008ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அப்போது தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடப்பில் இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் அறிவியல் விழா நடத்தினோம். என் வகுப்பிலிருந்து நான்காம் ஆண்டு மாணவியர் மூவர் 'நாவும் சுவையும்' என்னும் தலைப்பை எடுத்துக்கொண்டனர். நான் அவர்களிடம் ஓர் ஆங்கிலப் பயிற்சி நூலைக் கொடுத்தேன். அதில் வண்ணப் படம் ஒன்று இருந்தது. நாக்கின் நுனியில் இனிப்பு, அதனையடுத்து இரு ஓரங்களிலும் உப்பு, இன்னும் சற்றுப் பின்னால் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு. நம்மில் பலரும் மாணவப் பருவத்தில் மனனம் செய்த அதே படந்தான்.

பிள்ளைகள் சீனிக் கரைசல், உப்பு நீர், எலுமிச்சைச் சாறு, பாகற்காய்ச் சாறு ஆகியவற்றை நான்கு கோப்பைகளில் எடுத்துக்கொண்டு, பஞ்சுக்குச்சியால் நாவின் ஒவ்வோர் இடத்திலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தனர். மறுநாள் அவர்களுள் ஒருத்தி, குழுவின் தலைவி, மாஜோங் தாளில் வரைந்த அட்டவணையோடு வந்து நின்றாள். எல்லாக் கட்டங்களிலும் சரிக்குறி இருந்தது.

"டீச்சர், சீனி எல்லா எடத்துலயும் இனிக்குது" என்றாள்.

"நாக்கைத் துடைக்காமல் செய்திருப்பீர்கள். மறுபடியும் செய்து பார்" என்றேன். செய்து பார்த்தாள். அடுத்த நாளும் அதே சரிக்குறிகள். விழாவுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. பயிற்சி நூலை விரித்து அவள்முன் வைத்து, "புத்தகத்தில் இருப்பதுபோல் மாற்றிவிடு" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. வெள்ளைத் திருத்த மையை எடுத்து, தான் கண்டதை ஒவ்வொன்றாக மறைத்தாள். பள்ளி அளவில் அவர்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நானும் கை தட்டினேன்.

எட்டாண்டுகள் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையில், ஐம்புலன்கள் பாடத்திற்காக அதே நாவின் வரைபடத்தை நல்ல தெளிவான வடிவில் தேடிக்கொண்டிருந்தேன். படத்தோடு ஒரு கட்டுரையும் வந்து விழுந்தது. இந்தப் படம் பிழையானது என்றது அது. 'இணையத்தில் யாரோ எதையோ எழுதுகிறார்' என்பதுதான் என் முதல் எண்ணம். ஆனால் அக்கட்டுரையில் ஓர் ஆண்டும் ஒரு பெயரும் இருந்தன: 1901, ஹேனிக். என் பயிற்சி நூலில் அப்படி எதுவும் இல்லை. படம் மட்டுமே இருந்தது. யார் கண்டார், எப்போது கண்டார், எத்தனை பேரிடம் சோதித்தார் என்னும் விவரம் ஒன்றுகூட அதில் இல்லை என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன். ஆசிரியர் தொழிலில் அத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னர்!

அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றேன். நான் அறிந்துகொண்டதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் 1879இல் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். மனித மனத்தையும் புலன்களையும் சோதனை வழியே அளந்து பார்ப்பதற்கென்று உருவான முதல் ஆய்வுக்கூடமாக அதனைக் குறிப்பிடுவர். அங்கே ஆய்வு மாணவராக இருந்தவர்தாம் டேவிட் பவுலி ஹேனிக். அவருடைய ஆய்வு 1901இல் வுண்டின் ஆய்விதழில் வெளிவந்தது. அவர் செய்தது எளிய சோதனைதான். சர்க்கரை, உப்பு, கொயினா, நீர்த்த அமிலம் ஆகிய நான்கையும் வெவ்வேறு செறிவுகளில் கரைத்து, நாவின் விளிம்பை ஒட்டிய பல இடங்களில் துளித்துளியாக வைத்தார். எவ்வளவு குறைந்த செறிவில் சுவை உணரப்படுகிறது என்று ஒவ்வோர் இடத்திலும் குறித்துக்கொண்டார்.

அவர் கண்டதென்ன? நுனிநாக்கு இனிப்பைச் சற்றே எளிதில் உணர்ந்தது. ஓரங்கள் புளிப்பைச் சற்றே எளிதில் உணர்ந்தன. அடிநாக்கு கசப்பைச் சற்றே எளிதில் உணர்ந்தது. உப்போ விளிம்பு முழுவதிலும் ஏறத்தாழ ஒன்றாகவே உணரப்பட்டது. நாவின் நடுப்பகுதியில் மட்டும் உணர்வு மிகக் குறைவு. இங்கே 'சற்றே' என்னும் சொல்லை நீங்கள் விட்டுவிடக் கூடாது. வேறுபாடு உண்டு, ஆனால் அது மிகச் சிறியது. நுனியில் கசப்பே தெரியாது என்றோ, அடிநாக்கில் இனிப்பே தெரியாது என்றோ அவர் எழுதவில்லை. தாம் கண்டதை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்.

அவ்வளைகோடுகள் கடல் கடந்து சென்றபோதுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வின் போரிங் என்னும் உளவியல் பேராசிரியர் இருந்தார். அவருடைய ஆசிரியர் டிச்சனர், வுண்டிடம் பயின்றவர். ஆகவே போரிங்கை வுண்டின் மாணாக்கப் பேரன் என்றே கூறலாம். உளவியலின் வரலாற்றை எழுதுவதில் அவருக்கு இணை எவரும் இலர் என்று போற்றப்பட்டவர். புலனுணர்வு ஆராய்ச்சியின் வரலாற்றைப் பற்றி 1942இல் அவர் எழுதிய பெருநூலில் ஹேனிக்கின் அளவுகளைத் தம் வழியில் மீண்டும் வரைந்து காட்டினார். அந்த வரைபடத்தில் செங்குத்துக் கோட்டின் அளவு எதனைக் குறிக்கிறது என்பது தெளிவாக இல்லை. உச்சியில் இருப்பது 'மிகுந்த உணர்வு' என்றால், அடியில் இருப்பது 'உணர்வே இல்லை' என்றுதானே பார்ப்பவர் கொள்வர்? அப்படித்தான் கொண்டனர். சற்றே குறைவு என்பது சுழியம் ஆயிற்று. அதன்பின் பாடநூல் எழுதியவர்கள் நாவின் படத்தை வரைந்து, நான்கு நிறங்களைத் தீட்டி, இடையே எல்லைக் கோடுகளையும் போட்டுவிட்டனர்.

போரிங்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. ஆயிரக்கணக்கான செய்திகளைத் தொகுத்தவர் அவர். அதில் ஒரு வரைபடம் தெளிவின்றி அமைந்துவிட்டது. என் வியப்பெல்லாம் அவருக்குப் பின் வந்தவர்களைப் பற்றியதே. அவர்களுள் எத்தனை பேர் ஜெர்மன் மொழியில் இருந்த ஹேனிக்கின் மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்திருப்பார்கள்? ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல், அதனைப் பார்த்து இன்னொரு நூல். நூறு நூல்களில் ஒரே செய்தி இருந்தால் நூறு சாட்சிகள் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் சாட்சி ஒருவரே. அவர் கூறியதையும் நாம் தவறாகக் கேட்டிருக்கிறோம்.

1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் என்னும் ஆய்வாளர் ஹேனிக்கின் சோதனையைப் புதிதாகச் செய்து பார்த்தார். நாவின் இடத்திற்கு இடம் வேறுபாடுகள் உண்டு, ஆனால் அவை சிறியவை என்றே அவரும் கண்டார். மென்அண்ணத்திலும் சுவை உணரப்படுவதை அவர் அளந்து காட்டினார். வாயின் மேற்புறமும் சுவைக்கிறது, அதற்கு நம் வரைபடத்தில் இடமே இல்லை! பிழை எங்கே நுழைந்தது என்பதை லிண்டா பார்டோஷுக் என்னும் சுவையியல் அறிஞர் 1990களில் தடம் பிடித்து எழுதினார். 2006இல் 'நேச்சர்' ஆய்விதழில் சுவை உணர்விகளைப் பற்றி வந்த விரிவான மீளாய்வுக் கட்டுரை, நாவின் வரைபடம் என ஒன்று இல்லை என்பதைத் தெளிவாக்கிற்று. நாவின் எப்பகுதியிலுள்ள சுவைமொட்டை எடுத்துக்கொண்டாலும் அதில் எல்லாச் சுவைகளுக்குமான உயிரணுக்கள் கலந்தே உள்ளன.

நான் அந்தப் பிள்ளைகளைத் திருத்த மை பூசச் சொன்னது 2008இல். மறுப்புகள் அனைத்தும் அதற்கு முன்பே அச்சில் இருந்தன.

இதே நாவின் கதையில் இன்னொரு கிளையும் உண்டு. 1908இல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்னும் வேதியியல் பேராசிரியர், கடற்பாசிச் சாற்றின் சுவை நான்கு சுவைகளுள் எதிலும் அடங்கவில்லையே என்று ஆராய்ந்து, அதற்குக் காரணமான குளுட்டாமேட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது 'அஜினோமோட்டோ' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் அந்தப் பொட்டலம் வந்து சேர்ந்துவிட்டது. அதன் பின்னிருந்த ஆய்வு மட்டும் வந்து சேரவில்லை. காரணம், இகெடாவின் கட்டுரை ஜப்பானிய மொழியில் இருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓர் ஆய்விதழில் வெளிவந்தது 2002இல்தான். உமாமிக்கான உணர்விகளை உயிரியலார் அடையாளம் கண்டதும் 2000ஆம் ஆண்டையொட்டித்தான். இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுகள் மேலை நாட்டுப் பாடநூல்களில் சுவை நான்கே. மொழி தெரியாமையால் ஒரு மூலம் எவ்வளவு காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்பதைத் தமிழ்வழிக் கற்பிக்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

'நாம் அறுசுவை என்கிறோமே, பாடநூல் ஏன் குறைத்துச் சொல்கிறது?' என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கார்ப்பு, சுவைமொட்டுகள் வழியே வருவதன்று. மிளகாயிலுள்ள காப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்த உணர்வியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்ததற்கு அது ஒரு காரணம். துவர்ப்போ பெரும்பாலும் தொடுவுணர்வைச் சார்ந்தது. பாக்கிலும் வாழைப்பூவிலும் உள்ள துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாய் இறுகுவதுபோல் தோன்றுகிறது. நம் முன்னோர் வாய் உணர்வதை வகைப்படுத்தினர். அறிவியலார் எந்த உயிரணு உணர்கிறது என்று வகைப்படுத்துகின்றனர். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மட்டம் தட்டுவது தேவையற்றது.

நாவின் வரைபடம் தவறாக இருந்ததால் எவருடைய உடல்நலமும் கெடவில்லை. ஆனால் உயிரியல் நூல்களில் இருந்த இன்னொரு பிழை அவ்வளவு எளிதன்று. அது ஓர் எண். மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள்? இன்று ஐந்தாம் படிவ மாணவன் உறக்கத்தில்கூட 46 என்பான். 1923 முதல் 1956 வரை அதே கேள்விக்கு உலகெங்கும் சரியான விடை 48. எவரேனும் 46 என எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திராது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோஃபிலஸ் பெயின்டர் என்பவரே அந்த எண்ணை நிலைநாட்டியவர். விரைத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஒரு கோப்பை இடியப்பத்தில் எத்தனை இழைகள் என்று மேலிருந்து எண்ணிப் பாருங்கள், அவருடைய இடர்ப்பாடு விளங்கும். 1921இல் எழுதிய முதற்குறிப்பில் அவர் தயங்கினார். தெளிவாகத் தெரிந்த உயிரணுக்களில் 46 தெரிகிறது, ஆயினும் 48ஆகவும் இருக்கலாம் என்னும் போக்கில் எழுதினார். 1923இல் வந்த விரிவான கட்டுரையில் தயக்கம் நீங்கிவிட்டது. 48 என்று முடிவு கட்டினார். பெல்ஜிய ஆய்வாளர் வினிவார்ட்டர் 1912இல் பெண்களுக்கு 48, ஆண்களுக்கு 47 என்று ஏற்கெனவே எழுதியிருந்ததும் அதற்கு அரணாக அமைந்தது. அதன்பின் நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் 48ஐயே கண்டனர். கண்டனரா, எதிர்பார்த்தனரா என்பதுதான் கேள்வி. 1952இல் டி. சி. ஷூ என்னும் ஆய்வாளர், உயிரணுவை நீர்த்த கரைசலில் இட்டு வீங்கச் செய்து, குரோமோசோம்களைத் தனித்தனியாகப் பிரிந்து நிற்க வைக்கும் வழியைக் கண்டார். அத்தனை தெளிவாகப் பார்த்த அவரும் 48 என்றே எழுதினார்!

இந்த இடத்தில் நம் வட்டாரத்து மனிதர் ஒருவர் வருகிறார். ஜோ ஹின் சியோ, 1919இல் சாவகத் தீவின் பெக்காலோங்கான் நகரில் பிறந்த சீனர். போகோர் நகரில் வேளாண்மை பயின்று உருளைக்கிழங்கு இனவிருத்தியில் ஈடுபட்டிருந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் சிறைமுகாமில் அடைபட்டுத் துன்புற்றார். போருக்குப் பின் ஐரோப்பா சென்று, ஸ்பெயின் நாட்டின் சரகோசாவில் பணியாற்றிக்கொண்டே, விடுமுறைக் காலங்களில் சுவீடனின் லுண்டு நகரிலிருந்த ஆல்பர்ட் லெவான் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வார். செடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பழகிய கை. செடியியலார் பயன்படுத்தும் கோல்சிசின் என்னும் நஞ்சு, உயிரணுப் பிரிவினையைக் குரோமோசோம்கள் நன்கு தெரியும் கட்டத்தில் நிறுத்திவிடும். (நம் செங்காந்தள் கிழங்கில் இருப்பதும் இதே நஞ்சுதான்.) அதனையும் நீர்த்த கரைசல் முறையையும் இணைத்து, கருவின் நுரையீரல் உயிரணுக்களை வில்லையில் அழுத்திப் பரப்பிப் பார்த்தார் சியோ. 1955 டிசம்பர் 22 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் எண்ணியபோது 46 வந்தது. மீண்டும் மீண்டும் எண்ணினார். 46தான். அக்கட்டுரை 1956 தொடக்கத்தில் சுவீடனின் 'ஹெரெடிட்டாஸ்' இதழில் சியோ, லெவான் இருவர் பெயரிலும் வெளிவந்தது. அவ்வாண்டே இங்கிலாந்தில் ஃபோர்டு, ஹேமர்ட்டன் இருவரும் வேறொரு திசுவில் எண்ணிப் பார்த்து அதனை உறுதி செய்தனர். மூன்றே ஆண்டுகளில், 1959இல், டவுன் குறைபாடு உடைய குழந்தைகளுக்கு 47 குரோமோசோம்கள் உள்ளன என்பதைப் பிரான்சில் லெஜோன் குழுவினர் வெளியிட்டனர். இயல்பான எண் 48 என்று நம்பிக்கொண்டிருந்தவரை 47 என்பதன் பொருள் எப்படி விளங்கியிருக்கும்? ஒன்று கூடியதாக அன்றி, ஒன்று குறைந்ததாக அல்லவா தோன்றியிருக்கும்?

சியோவும் லெவானும் தம் கட்டுரையின் முடிவில் எழுதிய ஒரு செய்தியைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவர்களுக்கு முன்பே சுவீடனில் வேறு மூவர் கருவின் கல்லீரல் உயிரணுக்களை ஆராய்ந்திருக்கின்றனர். அவர்களால் 48 குரோமோசோம்களைக் காண முடியவில்லை, எவ்வளவு முயன்றும் 46 மட்டுமே தெரிந்தது. அதனால் அந்த ஆய்வையே இடையில் கைவிட்டுவிட்டனர்.

சரியானதைக் கண்டவர்கள் அவர்கள். தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று எண்ணிக்கொண்டார்கள். என்முன் நின்ற நான்காம் ஆண்டுப் பிள்ளையின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு வேறுபாடு உண்டு. அவள் தன் கண்ணை நம்பினாள். கோளாறு அவளிடந்தான் என்று கூறியவள் நான்.

இனி அத்தாயாரின் கேள்விக்கு வருகிறேன். எதை நம்புவது?

பாடநூலைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கூறவில்லை. தேர்வு எழுதும் பிள்ளைக்கு அது வேண்டும், அதில் இருப்பவற்றுள் மிகப் பெரும்பகுதி சரியானதே. ஆனால் பாடநூல் என்பது ஊற்றன்று, குழாய். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். இன்று அதற்கான வழி நம் வீட்டிலேயே உள்ளது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' தேடுதளம் 1997 முதல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் திறந்திருக்கிறது. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்கள் அதில் உள்ளன. பலவற்றுக்குச் சுருக்கம் கிடைக்கும், சிலவற்றை முழுமையாகவும் படிக்கலாம். பழைய செடியியல், விலங்கியல் நூல்களுக்கு 'பல்லுயிர் மரபு நூலகம்' எனும் பொருளில் பெயர் கொண்ட இணைய நூலகம் இருக்கிறது. கூட்டாக நடத்துபவை பல நாட்டு அருங்காட்சியகங்களும் நூலகங்களும். விக்கிப்பீடியாவை நான் வெறுப்பதில்லை. அதன் கட்டுரையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அடிக்குறிப்புகளுக்கு நேராக இறங்கிவிடுவேன். அடிக்குறிப்பு இல்லாத வரிக்கு என்னிடம் மதிப்பில்லை.

தொடக்கத்திலேயே தனி ஆய்வுக் கட்டுரைக்குள் பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். திணறிப் போவான். ஒரு துறையில் வந்த பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் மீளாய்வுக் கட்டுரைகளிலிருந்து தொடங்குவது நலம். பிறகு அவனாகவே மூலத்தைத் தேடட்டும். மூலம் கிடைத்துவிட்டால் முடிவுரையைப் படிக்கும் முன், எத்தனை பேரிடம் அல்லது எத்தனை உயிர்களிடம் சோதித்தார்கள், எந்தக் கருவியால் பார்த்தார்கள், பிறகு வேறு எவரேனும் அதனைச் செய்து பார்த்து அதே விடையைப் பெற்றார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டைப் பார்ப்பதும் அவ்வளவே முதன்மையானது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழின் முதல் கலைக்களஞ்சியம் வெளிவரத் தொடங்கியது 1954இல். அவ்வாண்டில் எந்த மொழியில் எந்த அறிஞர் எழுதியிருந்தாலும் மனிதக் குரோமோசோம்கள் 48 என்றுதான் எழுதியிருப்பார். அதில் அவர் குற்றமில்லை. இன்று அப்படியொரு நூலை எடுத்துப் படித்துவிட்டு ஆண்டைப் பாராமல் ஒப்படைப்பில் எழுதுபவன் குற்றந்தான்.

பெரிய இதழில் வந்துவிட்டது என்பதும் முடிவான உறுதியாகாது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு தொடர்புபடுத்தும் செய்தி இன்றும் பெற்றோர் புலனக் குழுக்களில் சுற்றி வருகிறது. அதன் வேர், 1998இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் எழுதிய கட்டுரை. அதில் ஆராயப்பட்ட பிள்ளைகள் பன்னிருவர் மட்டுமே. 2004இல் உடன் எழுதிய பதின்மர் அக்கட்டுரையின் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டனர். 2010 பிப்ரவரியில் இதழே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டிஷ் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பின்னர் பல நாடுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் எவையும் அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. பப்மெட்டில் அக்கட்டுரையைத் தேடினால், திரும்பப் பெறப்பட்டது என்னும் அறிவிப்பு கண்ணில் படும். புலனத்தில் வரும் செய்தியில் அது இருக்காது. அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்கு அச்செய்தி வந்தால், அனுப்பியவருக்கு இந்த ஆண்டுகளையாவது எழுதி அனுப்புங்கள்.

இவ்வளவையும் அத்தாயாருக்கு மறுநாளே தொலைபேசியில் கூற முயன்றேன். பாதியில், "டீச்சர், எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் வகுப்பில் இப்போது நாவின் சோதனையை ஆண்டுதோறும் செய்கிறோம். பயிற்சி நூலைக் கடைசியில்தான் திறப்பேன். ஒவ்வொரு குழுவும் தான் கண்டதை மையால் எழுத வேண்டும், அழிப்பானுக்கும் திருத்த மைக்கும் அன்று இடமில்லை. ஒரு குழுவுக்கு ஒரு மாதிரியும் மற்றொரு குழுவுக்கு வேறு மாதிரியும் வரும். நாக்கில் சொட்டு அதிகமாக விழுந்திருக்கும், பஞ்சுக்குச்சி மாறியிருக்கும். ஏன் வேறுபட்டது என்று அவர்களே சண்டையிட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டையை நான் தடுப்பதில்லை. துணைத் தலைமையாசிரியர் மட்டும் ஒருமுறை வந்து, "சத்தம் அதிகமாக இருக்கிறதே" என்றார்.

அந்த முன்னாள் மாணவியைச் சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று தற்செயலாகச் சந்தித்தேன். இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. தண்ணீர்ப் பந்தலின் ஓரமாக நின்று நலம் விசாரித்த பின், நெடுநாளாக மனத்தில் வைத்திருந்ததைக் கூறிவிட்டேன். 2008இல் நீ கண்டதே சரி, நான் உன்னை மாற்றச் சொன்னதுதான் தவறு, மன்னித்துக்கொள் என்றேன். அவள் சற்றுநேரம் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்படியா டீச்சர்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று சிரித்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பாகற்காய்ச் சாறு மட்டும் ஞாபகம் இருக்கு. ரெண்டு நாளும் என்னையே குடிக்க வச்சாங்க" என்றாள்.